பஸ் பாட்டின் மூன்றாவது சரணம்

இந்த சுவிஸ் நாட்டில் அடுக்குமாடிக் கட்டடங்களின் அடியில் குண்டுவீச்சுக்குப் பதுங்க ஓர் அறை இருக்கிறது. ஒரு சாண் தடிப்பான கொங்கிறீட் கதவு, அதை இறுக்க இரண்டு இரும்புப் பிடிகள், காற்றை வடிகட்டி உள்ளே இழுக்கக் கையால் சுற்றும் யந்திரம். நான் ஊரில் கண்ட பதுங்குகுழி மண்வெட்டியால் வெட்டியது. மேலே பனங்குற்றியும் மணல்மூட்டையும். மழை பெய்தால் உள்ளே தவளை. எம்மன்புரூக்கேயில் வீடு எடுத்தபோது, கட்டடப் பராமரிப்பாளர் கீழே கூட்டிப்போய் இந்தக் கதவைத் திறந்து காட்டினார். நான் ஓர் அடி பின்வாங்கினேன். அவர் என் தோளில் தட்டி, "உருளைக்கிழங்கு இங்கே ஆறு மாதம் கெடாமல் இருக்கும்" என்றார்.

இப்போது அந்த அறையில் பனிச்சறுக்குக் கட்டைகளும், மூன்றாம் மாடிக்காரரின் வைன் போத்தல்களும், ஒருவரும் உரிமை கோராத தொட்டில் ஒன்றும், என் மகள் ஆரணியும் இருக்கிறார்கள். ஆரணிக்கு இருபத்துநான்கு வயது. காலையில் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. பின்னேரத்தில் மடிக்கணினி, ஒலிவாங்கி, சுவரில் சாத்திய பழைய மெத்தைகள் சகிதம் நிலத்துக்கடியில் இசை. முழுநாள் வேலையை அரைநாளாக வெட்டியதே இதற்காகத்தான். "ஒரு வருசம் தாங்கோ அப்பா, சரிவராட்டி பேசாமல் முழுநாளுக்குப் போறன்" என்று கேட்டிருந்தாள். அந்த வருடத்தில் ஒன்பது மாதம் போயிருந்தது.

பக்கத்து அறை சலவை அறை. புதன்கிழமை எங்கள் முறை. ஒரு புதன், ஈரமான படுக்கைவிரிப்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றவனுக்கு வயிற்றுக்குள் டும் டும் என்று இடித்தது. சலவை யந்திரம் பழுதாகிவிட்டது, பராமரிப்பாளரிடமிருந்து கடிதம் வரப்போகிறது என்று குனிந்து பார்த்தேன். அது ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொங்கிறீட்டைத் தாண்டி வந்து இடித்தது என்னுடைய பாட்டு.

என்னுடையது என்றால் நான் எழுதியது இல்லை. எண்பதுகளில் இங்குள்ள ராக் பாடகர் ஒருவர் சுவிஸ் ஜெர்மனில் பாடியது. அவரை ரூடி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடச் சுற்றுலாவிலும், இராணுவப் பயிற்சியிலும், கலியாண வீடுகளில் இரண்டாவது பியருக்குப் பிறகும் இந்த நாடு முழுக்கப் பாடுகிற பாட்டு. எங்கள் ஆட்களுக்கு அது 'பஸ் பாட்டு'. மலைக்கிராமம் ஒன்றில் ஒருவன் கடைசி பஸ்ஸை விட்டுவிடுகிறான். முதல் சரணத்தில் பனி கொட்டுகிறது. இரண்டாவதில் சாரதியையும் காதலியையும் தன் கைக்கடிகாரத்தையும் வரிசையாகத் திட்டுகிறான். மூன்றாவதில் விடிகிறது, முதல் பஸ் வருகிறது, கதவு திறக்கிறது. அவன் ஏறவில்லை. கிற்றார் ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு அழும். பாட்டு முடிந்துவிடும்.

1986இல் இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவும்போது சமையலறை வானொலியில் இதைக் கேட்டேன். அர்த்தம் சொல்லித் தந்தவர் வெர்னர் என்ற சமையற்காரர். ஒரு சட்டியை பஸ்ஸாகவும் உப்புக் குப்பியை மனிதனாகவும் வைத்து, மேசை முழுக்கக் கோதுமை மாவைத் தூவிப் பனியாக்கி நடித்தார். மூன்றாவது சரணத்தில் சட்டி வந்து நின்றது, மூடி திறந்தது, உப்புக் குப்பி அசையவில்லை. அப்போது என்னிடம் முப்பது ஜெர்மன் சொற்கள் இருந்தன. அவற்றில் மூன்றைச் செலவழித்து, "ஏன் அவன் போகவில்லை?" என்று கேட்டேன். வெர்னர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நான் எங்கேயோ போக வழி கேட்கிறேன் என்று முடிவுசெய்து, சுவரில் தொங்கிய பஸ் நேர அட்டவணையைக் கழற்றி என் கையில் தந்தார். அன்று முதல் அந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்துகிறேன்.

2009 வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் தமிழ்ப்பாட்டு எதையும் போட முடியவில்லை. எதைப் போட்டாலும் அதற்குள் ஓர் ஆள் இருந்தார், ஓர் ஊர் இருந்தது. என் மனைவி சுகந்தி வானொலியைத் துணியால் மூடிவைத்தாள். நான் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் காருக்குள் பஸ் பாட்டை மட்டும் போட்டேன். அதற்குள் எனக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. மூன்றாவது சரணத்தில் கதவு திறக்கும்போது மட்டும் காரை ஓரம்கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கோடை முழுக்க வேலைக்குப் பிந்திப் போனேன். வீட்டில் கேட்டபோது, பெற்றோல் நிலையத்தில் வரிசை என்றேன்.

ஆகவே அந்தப் புதன்கிழமை படுக்கைவிரிப்போடேயே போய்க் கதவைத் திறந்தேன். நிமிடத்துக்கு எழுபது தாள அடியில் நடந்துகொண்டிருந்த பாட்டை நூற்றிருபத்தெட்டுக்கு விரட்டிவிட்டிருந்தாள். கிற்றார் இருந்த இடத்தில் ஏதோ ஒன்று விசிலடித்தது. பல்லவியில் ஒரு தமிழ் வரியும் சேர்ந்திருந்தது: 'ஏறு, ஏறு, ஏறு.' யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஆட்களைக் கூவி ஏற்றிக்கொண்டு தட்டிவான் புறப்படுகிற மாதிரி இருந்தது.

"உது பஸ் பாட்டெல்லோ?"

"ஓம் அப்பா. டான்ஸ் கவர். எப்பிடி?"

"பனிக்குள்ள நிக்கிறவன் ஏன் பிள்ளை குதிக்கிறான்?"

"குளிருக்கு."

"மூண்டாவது சரணம் எங்கை?"

"வெட்டியாச்சு. மூண்டு நிமிசத்துக்கு மேலை போனா ஒருத்தரும் ஆடமாட்டினம். அதோடை அந்தாள் கடைசி வரைக்கும் ஏறேல்லை எண்டா எல்லாம் டவுணாப் போயிடும் அப்பா. என்ரையிலை எல்லாரும் ஏறுவினம்."

அடுத்த வாரங்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மாற்றத்தை ஏற்கத் தெரிந்தவன், நவீன இலக்கியம் படித்தவன், பழையதைக் கட்டிப்பிடித்து அழுகிறவர்களைப் பகிடி பண்ணி நாலு கட்டுரை எழுதியவன். ஒரு சரணம் போனதற்குச் சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். சுகந்தி கத்தரிக்காய் பொரித்தபடி 'ஏறு, ஏறு' என்று முணுமுணுத்தாள். "எண்ணெய் சட்டிக்கு முன்னாலை நிண்டு கொண்டாட்டமோ?" என்றேன். "நீங்கள் படிக்கிற புத்தகத்தை விட இது விளங்குது" என்றாள்.

ஒரு வானொலி நிலையம் அந்தப் பாட்டைக் கோடைக்கால நிகழ்ச்சியில் ஒலிபரப்பக் கேட்டிருந்தது. ஆனால் சொல்லை மாற்றியதால் எழுதியவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சித்திரை மாதம் முடிவதற்குள் அது வராவிட்டால் வாய்ப்பும் இல்லை, அவளுடைய வருடமும் இல்லை. ரூடியிடம் மின்னஞ்சல் கிடையாது. ஆரணி கடிதம் எழுதினாள். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. எனக்குள் இருந்த ஒருவன் தபால்பெட்டி வெறுமையாக இருப்பதைக் கண்டு தினமும் சந்தோசப்பட்டான்.

"கடுதாசியிலையோ கேக்கிறது?" என்றாள் சுகந்தி. "பெரிய மனுசனிட்டை ஒரு காரியம் கேக்கிறதெண்டா நேரை போகவேணும். வெறுங்கையோடை போகப்படாது."

இந்த நாட்டில் சொந்த அண்ணன் வீட்டுக்கே மூன்று கிழமைக்கு முன் நாள் குறித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், லாங்கன்தால் ஊருக்கு வெளியே ரூடியின் தனிவீட்டு மணியை அடித்தோம். நான் கோட்டும் ரையும். சுகந்தி கூறைக்கு அடுத்த தரத்துப் பட்டுச்சேலை. கையில் வெள்ளித்தட்டு, அதில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, நாற்பது மட்டன் ரோல்ஸ். ஆரணி எங்களைத் தெரியாதவள்போல நான்கு அடி தள்ளி நின்றாள்.

நரைத்த குடுமியும் கம்பளி வீட்டுச்செருப்புமாக ஒருவர் திறந்தார். எங்களையும் தேங்காயையும் பார்த்தார். "நன்றி, எனக்கு ஏற்கனவே கடவுள் இருக்கிறார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"நான்தான் பஸ் பாட்டுக்குக் கடிதம் எழுதினவள்!" என்று ஆரணி மூடிய கதவுக்கு சுவிஸ் ஜெர்மனில் கத்தினாள்.

கதவு மெல்லத் திறந்தது. "கடிதத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்" என்றார் ரூடி. "கடிதத்தில் பாட்டு ஒலிக்கவில்லையே. காதால் கேட்காத ஒன்றுக்கு என்ன பதில் எழுதுவது?"

உள்ளே தட்டை வாங்கி ஓர் ஒலிபெருக்கியின்மேல் வைத்தார். தேங்காய் எதற்கு என்று கேட்டார். மரியாதைக்கு என்றேன். தேங்காய்க்குத் தலைவணங்கிவிட்டு ரோல்ஸை எடுத்தார். அவர் நான்காவது ரோல் தின்னும்போது ஆரணி கைப்பேசியில் பாட்டைப் போட்டாள். கண்ணை மூடிக் கேட்டார். அவருடைய கம்பளிச் செருப்பு அசைகிறதா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை. பாட்டு முடிந்தது. மனிதர் கண்ணை மூடியபடியே ஐந்தாவது ரோலைத் தடவி எடுத்தார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மூன்றாவது சரணத்தை வெட்டிவிட்டாள்" என்றேன் ஜெர்மனில்.

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

"மூன்றாவதா?" ரூடி கண்ணைத் திறந்தார். "அதுவா! ஒலிப்பதிவில் பாட்டு நாற்பது செக்கன் குறைந்துவிட்டது. ட்ரம்ஸ் அடிக்கிறவன் சாப்பிடப் போன நேரத்தில் எழுதி ஒட்டினேன். மேடையில் அதைப் பாடி இருபது வருடமாகிறது. எப்படித் தொடங்கும்?"

முதல் வரியைச் சொன்னேன். அடுத்தது என்ன என்றார். சொன்னேன். சொல்லிக்கொண்டு போனது எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று தெரியாது. கோப்பை கழுவும் இடத்தில் கற்ற ஜெர்மனில், கோட்டும் ரையுமாக, எழுதியவருக்கே முழுச் சரணத்தையும் பாடிக் காட்டினேன். ரூடி ரோல்ஸை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவன் ஏன் ஏறவில்லை?" என்று கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு பொறுப்பான ஆள் கையில் அகப்பட்டிருந்தார்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "தெரியாது. ஏறியிருந்தால் அவன் எங்கே போனான் என்று இன்னொரு சரணம் எழுத வேண்டி வந்திருக்கும். ட்ரம்ஸ்காரன் திரும்பி வந்துவிட்டான்."

பிறகு ஆரணியிடம் ஏன் வெட்டினாய் என்று கேட்டார். ஆட முடியாது என்றாள். தலையாட்டிவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து கடிதத்தைக் கழற்றி, அதன் அடியிலேயே 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுகந்தி எழுந்து கும்பிட்டாள். அவரும் ரோல்ஸோடு கும்பிட்டார்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

"அப்பா." பின்சீட்டிலிருந்து வந்தது. "அந்தாள் மாட்டன் எண்டு சொல்லவேணுமெண்டுதானே அதைச் சொன்னீங்கள்?"

"ஓம்."

"எனக்கு இதை விட்டா வேறை ஒண்டும் இல்லை எண்டு தெரிஞ்சும்?"

"ஓம்."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதே உங்களுக்கு?" என்றாள் சுகந்தி. "பெத்த பிள்ளையைப் போய் அந்தாளிட்டைக் கோள் சொல்லுறியள்!"

மற்றவர்களைப் பகிடி பண்ணித் தப்புவது என் தொழில். அன்று ஒரு பகிடியும் அகப்படவில்லை. 2009இல் காரை எங்கே நிறுத்தினேன், எந்த வரியில் நிறுத்தினேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று, கண்ணை வீதியில் வைத்தபடி சொன்னேன். லாறி ஒன்று எங்களை முந்திப் போனது.

"பெற்றோல் எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றாள் சுகந்தி, மிக மெல்ல.

ஆரணி ஜன்னலை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். பிறகு, "எண்டாலும் அதைச் சேக்கமாட்டன் அப்பா" என்றாள்.

"சேர்க்காதை."

"கோவமில்லை. இல்லை, கோவம்தான். அது வேறை. நீங்கள் காரை நிப்பாட்டின அந்தச் சரணத்தை என்ரையிலை போட்டா ஆக்கள் அதுக்கும் ஆடுவினம். விளங்குதோ?"

விளங்கியது. விளங்கியதால் எரிச்சல் இன்னும் கூடியது. சரியாகச் சொல்கிற பிள்ளையோடு சண்டை பிடிப்பதுபோல் களைப்பான வேலை வேறில்லை.

வானொலி அந்தக் கோடை முழுக்க அதைப் போட்டது. பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோதும் கேட்டேன். ஆட்சேபம் தெரிவிக்க வழியில்லை. ஆவணி மாதம் எங்கள் ஊர்ப்பகுதி விழாவில் ஆரணிக்கு ஒரு சின்ன மேடை கிடைத்தது. மேடைக்கு முன்னால் இளசுகளும் எங்கள் ஆட்களும். சுகந்தி முதல் வரிசையில், கையைத் தலைக்குமேல் தூக்கியபடி. பின்னால் நீள மேசைகளில் சொசேஜ்களோடு ஓய்வூதியக்காரர்கள். நான் தண்ணீர்ப் போத்தலோடு இரண்டுக்கும் நடுவில், யாருக்காகவோ காத்து நிற்கிற பாவனையில்.

மகள் பாடினாள். எல்லோரும் ஏறினார்கள். என் வலது கால் வெட்கமில்லாமல் நூற்றிருபத்தெட்டில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தோடு பாட்டு சட்டென்று முடிந்தது. ஆனால் பின்னால் மேசைகளில் இருந்த கிழடுகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஐம்பது அறுபது பேர், இசை இல்லாமல், பியர்க் குவளைகளை மேசையில் மெல்லத் தட்டி, பழைய நடையில் மூன்றாவது சரணத்துக்குள் போய்விட்டார்கள். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்து அவர்களோடு சேர்ந்துகொண்டது. மேடைக்கு முன்னால் அடுத்த பாட்டின் டும் டும் தொடங்கியது. சுகந்தி என்னைக் கண்டு, "இஞ்சை வாங்கோ!" என்று கையைக் காட்டினாள். மேசையில் ஒரு முதியவர், நான் பாடுவதைக் கண்டு, வாங்கில் ஓரமாக அரக்கி இருந்து, பக்கத்தில் இடம் விட்டார். அவருக்குத் தலையாட்டினேன், சுகந்திக்குக் கைகாட்டினேன். வாய் பின்மேசைகளோடு மெதுவாகவும், கால் முன்வரிசையோடு வேகமாகவும், இரண்டில் ஒன்றையாவது நிறுத்தினால் விழுந்துவிடுவேன்போல, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.