ரோஜாப் பாத்தியில் பைப் தேடியவர்

இங்கிலாந்தில், எப்போதோ செத்துப்போன ஒரு நாவலாசிரியையின் பழைய மாளிகையில் நிற்கிறோம். இங்கே படிக்கிற மகள் எங்களை ஷார்ஜாவிலிருந்து வரவழைத்து, முதல் வேலையாக இங்கேதான் கூட்டி வந்திருக்கிறாள். அந்த அம்மாள் எழுதிய மேசையைச் சுற்றி, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கோயிலில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். என் வீட்டுக்காரரை மட்டும் காணோம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். தோட்டத்தில் முட்டி போட்டு, ரோஜாச் செடியடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார். ஷார்ஜாவில் முவைலா பக்கம் இருபது வருஷமாகச் செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதித்து, நேரத்துக்குத் தண்ணீர் திறந்து மூட டைமர் வைக்கிறவர் அவர்.

"அய்யோ, மானம் போச்சும்மா!" என்று மகள் ஓடுகிறாள். பின்னாலேயே நானும். அதற்குள் வயதான வெள்ளைக்காரத் தோட்டக்காரர் வந்து, எதையாவது தொலைத்துவிட்டாரா என்று கேட்கிறார்.

"பைப் எங்கே, பாய்?" என்கிறார் இவர் இங்கிலீஷில். "ஒரு செடிக்குக்கூட இல்லையே!"

தோட்டக்காரர் விரலால் வானத்தைக் காட்டுகிறார். சொல்லிவைத்த மாதிரி தூறல் விழுகிறது. மகள் குடையை விரிக்கிறாள். இவர் நனைந்தபடியே அண்ணாந்து, சைட்டில் வேலையைச் சரிபார்க்கிற அதே முகத்தோடு கேட்கிறார்:

"நல்லா இருக்கு. டைமர் எங்கே?"

"நானும் முப்பது வருஷமாக அதைத்தான் தேடுகிறேன்," என்கிறார் தோட்டக்காரர்.