கூண்டுக்குள் போகாத கார்டு

எனக்கு வாயைவிடக் கை முந்திவிடும். எங்கள் வீட்டில் முதலில் அப்பாவின் கை பேசியது. அவர் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அது ஓய்ந்தது, என்னுடையது ஆரம்பித்தது. தம்பிதான் அதிகம் வாங்கினான். வாங்கிக்கொண்டு எதுவும் நடக்காததுபோல் சாப்பிட உட்காருவான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கெட்டிக்காரன். சாரம் பகுதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் அவன் ஆடினால் பின்னால் கூட்டம் நிற்கும். கண்ணைவிட அவனுக்குக் காது கூர்மை. எதிரி படியேறும் சத்தத்தை வைத்தே சுவர் மறைவில் காத்திருந்து தலையில் சுடுவான். ஊருக்கு ஊர் நடக்கும் போட்டிகளில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தோம். கிராபிக்ஸ் கார்டு மட்டும் பாக்கி.

அவன் ஸ்கேல் வைத்து கம்ப்யூட்டர் கேபினெட்டின் உள்பக்கத்தை அளந்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். ஒற்றை ஃபேன் கார்டு, ஒரு சாணுக்கு மேல் நீளம் கூடாது, தனியாகப் பவர் வயர் கேட்கக் கூடாது. நான் அரியாங்குப்பத்தில் ஒருவரிடம் போய், அதே விலைக்குக் கிடைத்தது என்று இரண்டு ஃபேன் வைத்த பழைய கார்டை வாங்கி வந்தேன். பெரிதாக இருப்பதுதான் நன்றாக ஓடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"ஹார்டு டிஸ்க் மாட்டுற கூண்டு இடிக்குதுணா. திருப்பிக் குடுத்துடலாம்," என்றான்.

"எங்க கம்பெனியில தெனம் நூறு பீஸ் இடிக்குது. எல்லாத்தையும் திருப்பியா குடுக்குறோம்?"

நான் சேதராப்பட்டில் தகடு வெட்டி வெல்டிங் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அங்கே பொருந்தாத பொருள் என்று ஒன்று கிடையாது. அறுப்போம், அடிப்போம், உள்ளே தள்ளுவோம். தகடு அறுக்கும் கிரைண்டரை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

"மதர்போர்டக் கழட்டிட்டு அறுணா."

"துணி போட்டா போதும்டா." பக்கத்துப் பாகங்கள்மேல் தீப்பொறி விழாமல் சாக்கு போட்டு மூடுவது எங்கள் பழக்கம். சாக்குக்குப் பதில் அம்மாவின் பழைய புடவையை நான்காக மடித்துப் போட்டேன்.

சக்கரம் தகட்டைக் கடித்தது. பொறி என் முகம்வரை தெறித்தது. அம்மா அடுப்படியிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தகடு அறுபடும் சத்தம் பிடிக்கும், ஒன்று தோற்று வழிவிடும் சத்தம். கூண்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. கார்டு உள்ளே போனது. பவர் வயரும் எப்படியோ சேர்ந்தது. சுவிட்சைப் போட்டேன்.

டப் என்று ஒரு வெடி. புகை. ஒரு கருகல் நாற்றம்.

"நாந்தான் சொன்னேனே," என்றான் தம்பி. அவ்வளவுதான் சொன்னான்.

தோல் கையுறையைக்கூட நான் கழற்றவில்லை. அந்தக் கையாலேயே இடது காதோடு சேர்த்து அறைந்தேன். சுவரில் மோதி உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை என்பதற்காக இன்னொன்று அறைந்தேன். அவன் காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கியது. அம்மா ஓடிவந்து என்னைத் துடைப்பத்தால் அடித்தார். அது உறைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "வண்டியில இருந்து விழுந்துட்டேன் சார்," என்றான். செவிப்பறை கிழிந்து, உள்ளேயும் அடிபட்டிருக்கிறது என்றார்கள். சவ்வு ஆறிவிட்டது. அந்தக் காதில் கேட்பது மட்டும் திரும்பவில்லை.

ரிப்பேர் கடைக்காரர் போர்டைத் திருப்பி மேஜையில் தட்டினார். கறுப்பாக இரும்புத் தூள் கொட்டியது. "எவன்யா இதப் பக்கத்துலயே வச்சி அறுத்தது?" என்றார். புடவையை விரித்துப் பார்த்தேன். பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. அதை அவனிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் பிடித்தது. வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

வேறு போர்டு வாங்கினேன். கார்டையும் அந்தத் தாளில் இருந்தபடியே வாங்கினேன். கேபினெட்டைத் தரையில் வைத்து மாட்டினேன். எங்கும் இடிக்காமல் உட்கார்ந்தது.

இப்போது அவன் ஆடும்போது நான் அவனுக்கு இடது பக்கம் உட்காருவேன். இயர்போனின் இடது குமிழ் என் காதில், வலது அவன் காதில். "அந்தப் பக்கம் காலடி கேட்டா தோளத் தட்டுணா," என்றிருந்தான்.

முதல் ஆட்டத்திலேயே கேட்டது. சரளைக் கல்லில் யாரோ ஓடிவந்தார்கள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தம்பி மவுஸை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். திரையில் அவனைச் சுட்டுவிட்டார்கள்.

"பரவால்லணா. பழக்கதோஷம்," என்றான்.

இப்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாயால்தான் சொல்கிறேன்.