சுத்துமாத்துக்கார மாமா

எங்கள் வட்டக்கச்சி வீட்டுக் கிணற்றடியில் மாமா வாளி சுற்றுவார். மாமா அம்மாவின் தம்பி. வாளி முட்டத் தண்ணீர் அள்ளி, கையை நீட்டித் தலைக்கு மேலால் ஒரே வேகத்தில் சுழற்றுவார். வாளி கவிழும், தண்ணீர் கவிழாது. ஒரு சொட்டுக் கூடச் சிந்தாது. உலகத்தில் இதைவிடப் பெரிய வித்தை உண்டென்று யாராவது சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஊரும் அவரைச் 'சுத்துமாத்துக்காரன்' என்றுதான் சொன்னது. திருத்தித் தருகிறேன் என்று ஆட்களின் தண்ணீர் இறைக்கும் மிசின்களை வாங்கி வைத்துவிட்டு, "நாளைக்கு வாங்கோ" என்று மாதக்கணக்கில் ஏய்த்ததால் வந்த பட்டம் அது. எனக்கென்ன தெரியும்? சுத்துகிறவர், அதனால் சுத்துமாத்துக்காரன். ஊரே மாமாவைப் புகழ்கிறது என்று பூரித்துப் போயிருந்தேன்.

பேசிய சம்பந்தங்கள் எல்லாம் குழம்பி, கடைசியாகத் துணுக்காயிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை பார்க்க வந்தார். இதுவும் தப்பினால் தம்பிக்கு இனிக் கலியாணமே இல்லை என்று அம்மா விடியத் தொடக்கம் புலம்பிக்கொண்டிருந்தார். மாமா வெள்ளை வேட்டியோடு கதிரை நுனியில் இருந்தார். வந்தவர் தேத்தண்ணியை உறிஞ்சியபடி என்னிடம் விளையாட்டாகக் கேட்டார்.

"பிள்ளை, மாமா எப்பிடி? நல்லவரோ?"

"ஓம்! எங்கட மாமா பெரிய சுத்துமாத்துக்காரன். ஊரெல்லாம் சொல்லுறவை!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அம்மா தேத்தண்ணி போட்ட குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஏதோ பிழையாகிவிட்டது என்று விளங்கியது. என்ன பிழை என்று விளங்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமா எழும்பினார். "பிள்ளை சரியாத்தான் சொல்லுறாள். நான் சுத்துறனான்தான். வாங்கோ ஐயா, காட்டுறன்."

கிணற்றடிக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளி முட்டத் தண்ணீர் அள்ளிச் சுற்றினார். அடடா, என்ன சுற்று! பெரியவர் சால்வையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"தம்பி, இடையில நிப்பாட்டினா?"

"என்ர தலையிலதான் ஊத்தும் ஐயா. துவங்கினா வேகம் குறையாமச் சுத்தவேணும்."

வாளி மெல்லத் தாழ்ந்து மண்ணில் இருந்தது. வேட்டியில் ஈரமில்லை. பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உம்மட மற்றச் சுத்துமாத்தும் எனக்குத் தெரியும் தம்பி. என்ர மச்சானின்ர மிசினும் உம்மிட்டத்தான் கிடக்கு. கலியாணத்துக்கு முன்னம் திருத்திக் குடும்!"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

உச்சியில் தண்ணீரும் விழத்தான் பார்க்கிறது, அது விழுவதற்குள் வாளி முந்திக்கொண்டு வளைந்துவிடுகிறது, கை அதை விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று பின்னாளில் பௌதிக வகுப்பில் படித்தேன். வாளி விளங்கிவிட்டது. மாமா விளங்கக் கனகாலம் எடுத்தது. தன் கலியாணமே கவிழப்போன நேரத்தில் அந்த மனுசன் என்னை முறைத்துக்கூடப் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கியது, அழப்போன என்னைப் பொய்க்காரி ஆக்காமல் இருக்கத்தான்.

அன்றைக்கு எனக்கு அதொன்றும் தெரியாது. "இன்னொருக்கால் மாமா!" என்று கை தட்டினேன். கை நோக நோக அவர் இன்னொருக்கால் சுற்றினார்.