வரவேற்பறைத் தொட்டியில் பிடித்த பாசி

1. முதலாளி வைத்த கெடு

"எஸ்தர், பையர் வர்றதுக்குள்ள இந்தப் பாசி போகோணும். போகலீனா தொட்டியத் தூக்கிக் குடோன்ல போட்டுட்டு, அந்த எடத்துல சாம்பிள் அலமாரி வெச்சுருவேன், பாத்துக்க."

சொல்லிவிட்டு முதலாளி மாடியேறிப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு வியாபாரியைத்தான் பையர் என்போம். வருகிறவர்களை உட்கார வைத்து மாடிக்குத் தகவல் சொல்வதும் என் வேலைதான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். புது ஆபீஸ் திறந்தபோது முதலாளி வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வைத்தார். பிளாஸ்டிக் செடி இல்லை, மண்ணில் வேர்விட்டு வளரும் நிஜச் செடிகள். அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன மீன்கள். "இது உன் பொறுப்பு" என்று என்னிடம் விட்டார். யாரையும் கேட்காமல் நானே முடிவெடுக்கக் கூடிய ஒரே விஷயம் அந்த ஆபீஸில் அதுதான். அதைக் குடோனுக்கு அனுப்ப நான் தயாராக இல்லை.

ஆனால் பாசி சொன்னபடி கேட்கவில்லை. கண்ணாடியில் பச்சைப் படலம், இலை விளிம்புகளில் தலைமுடி மாதிரி கருப்பும் பச்சையுமாக இழைகள். பழைய பிளேடால் சுரண்டினேன். தண்ணீரை மாற்றினேன். நாலு நாள் பளிச்சென்று இருக்கும், மறுபடி படரும்.

துணிக்குச் சாயம் போடும் டையிங் மாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். "பெராக்சைடு கொஞ்சூண்டு விட்டா வெளுத்துப் போயிருமுங்க." துணியை வெளுக்கிற அதே பெராக்சைடு. மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு அவரே அளந்து ஊற்றினார். பாசி வெளுத்து உதிர்ந்தது. கழுவித் தண்ணீர் மாற்றி மீன்களை விட்டோம். அந்த மாதம் முடிவதற்குள் பாசி திரும்பி வந்துவிட்டது.

2. தீனி போட்டவர்கள்

கோயம்புத்தூரில் தொட்டி வாங்கிய கடைக்கு போன் போட்டேன். கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"லைட் எவ்வளவு நேரம் எரியுதுங்க?"

"காலையில போட்டா, கடைசி ஆள் போற வரைக்கும் சார். ஆளிருக்கும்போது அணைக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காங்க."

"தீனி?"

"ஒரு சிட்டிகைதான் போடுதேன்."

"அதுக்கு இவ்வளவு பாசி வராதுங்களே. வேற யாரோ போடறாங்க. மீன் திங்காத மிச்சம் அழுகுச்சுன்னா அது செடிக்கு எரு. செடி எடுத்தது போக நிக்கறதப் பாசி எடுத்துக்கும். அதுக்கு மேல லைட்டும் அந்தியும் பகலும் எரிஞ்சா கேக்கவா வேணும்?"

டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்தால் தொட்டி என் முதுகுப் பக்கம் இருக்கும். மறுநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் துணி வாங்கிப்போய்த் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்காரர்கள் தினமும் வருவார்கள். தைத்த பீஸை முதலாளி பார்த்து ஓகே சொன்னால்தான் அடுத்த கட்டுத் துணி கிடைக்கும். அவர் எப்போது கூப்பிடுவார் என்று யாருக்கும் தெரியாது. காலையில் வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். அவிநாசிபாளையத்தில் தையல் யூனிட் வைத்திருந்த துரைசாமி அன்றைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டீக்கு வாங்கி வைத்திருந்த வர்க்கி ரொட்டியை நொறுக்கி, மூடி இடுக்கு வழியாகப் போட்டார். அவர் எழுந்து போனதும் இன்னொருவர் பொரி போட்டார். அடுத்தவர் பிஸ்கட்.

"அண்ணாச்சி, நீங்களா தீனி போடுதீங்க?" என்று துரைசாமியிடம் கேட்டேன்.

அவர் கூச்சத்தோடு எழுந்து நின்றார். "காத்தால வந்தனுங்க அம்மிணி. மீனு வாயத் தொறந்துட்டே வருதுங்களா, மனசு கேக்கலீங்க."

'தீனி போடாதீர்கள்' என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். துரைசாமி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "போர்டப் படிச்சு முடிச்சாச்சுங்க. இனிப் பொழுதுக்கும் என்னங்க பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. தீனியும் விளக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. இவர்களைக் காக்க வைப்பதிலிருந்து.

3. மாடியறையில்

முதலாளியிடம் போய்ச் சொல்ல எனக்குப் பயம்தான். ஆனாலும் போனேன். பாசி எப்படி வருகிறது என்று முழுவதும் சொல்லிவிட்டு, "ஜாப் ஒர்க்காரங்களுக்கு ஆளுக்கொரு நேரம் குடுத்துட்டா போதும் சார்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "தொட்டியக் கழுவச் சொன்னா, கம்பெனியவே கழுவப் பாக்கறயா?"

நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. "பையர் வர்ற வரைக்கும் செஞ்சு பாப்போம் சார். அதுக்கும் போகலேன்னா நானே தொட்டியத் தூக்கிக் குடோன்ல வச்சிருதேன்."

அவர் காலண்டரைப் பார்த்தார். கடைசியில், "என்னமோ பண்ணு. போனு கையில இருக்குதுல்ல, நீயே அல்லாருத்துக்கும் சொல்லீரு" என்றார்.

சொன்னேன். போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்து மளிகைக்கடை, எஸ்.டி.டி. பூத் என்று கூப்பிட்டுச் சொன்னேன். முதல் வாரம் முதலாளியே நேரம் தவறினார். இன்டர்காமில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "வர்றன் வர்றன், விடமாட்டயே நீ" என்று எரிந்து விழுந்தார். ஆனால் கீழே வந்து பீஸைப் பார்த்தார்.

வரவேற்பறை காலியானதும் விளக்கை மதியத்திலேயே அணைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாக விழுந்த வெயிலுக்கு வெளுக்காத பனியன் துணியில் ஒரு திரை போட்டேன். பாசி பிடித்த இலைகளைக் கத்தரித்தேன். சாப்பாட்டு வேளையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இழைகளைச் சுற்றிச் சுற்றி இழுத்தேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் மாற்றினேன். இந்த முறை பாசி திரும்பி வரும் வேகம் குறைந்தது. பிறகு புது இலைகள் சுத்தமாகவே முளைத்தன.

பையர் வந்தார். தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக சாம்பிள் ரூமுக்குப் போய்விட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த முதலாளி காலி நாற்காலிகளைப் பார்த்தார். "ஏம்மா, ஒருத்தரையுங் காணோம்? வேற கம்பெனிக்குப் போயிட்டாங்களா?"

"இல்ல சார். வேலைய முடிச்சிட்டு யூனிட்டுக்குப் போயிட்டாங்க."

அவர் தொட்டி முன் குனிந்து கொஞ்ச நேரம் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பிள் அலமாரிப் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

வரவேற்பில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அழுக்கைத் துடைக்கத் துணியை எடுப்பதற்கு முன்னால், அது எந்த வழியாக வருகிறது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். அந்த வழி முதலாளியின் அறைக்குள் போனால், கதவைத் தட்டிவிட்டு நீங்களும் உள்ளே போங்கள்.