களத்து ஓரம் கேட்ட இடம்

என் கணவர் பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சீயராக இருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். ஒரு வருஷம் ஆடியில் எங்கள் ஒரே மகள் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு நாலு வயது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. நான் சமைப்பேன், அவர் சாப்பிடுவார். அவளுடைய சட்டைகளை என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐப்பசியில், ஜீயபுரத்தை அடுத்த ஒரு ஊரில் பூங்கா அமைக்கிற வேலை அவரிடம் வந்தது. பிள்ளைகள் விளையாட ஓர் இடம், பெரியவர்கள் உட்கார்ந்து ரேடியோ கேட்க ஒரு கொட்டகை. வீட்டில் தரையில் தாளை விரித்து வரைவார். கொட்டகை, வேலி, பூச்செடிகள் எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன. ஊஞ்சல் வர வேண்டிய மூலை மட்டும் வெகுநாள் வெறுமையாகக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஊர்க்காரங்களப் பாக்கப் போறேன். நீயும் வாயேன். வீட்டுலயே அடைஞ்சு கெடக்குற" என்றார். பஸ்ஸில் போனோம்.

வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, வாய்க்காலை ஒட்டி இருந்தது பூங்காவுக்கு ஒதுக்கிய புறம்போக்கு நிலம். ஊரார் நெல் அடிக்கிற களமும் அதுதான். அவர் வரைபடத்தைக் காட்டியதும் ஒரு பெரிய விவசாயி சொன்னார்:

"புள்ளைங்களுக்கு ஆறு இருக்கு, தோப்பு இருக்கு. ஊஞ்சல் எல்லாம் டவுனுக்குத்தாங்க. தை பொறந்தா நெல்ல எங்க கொண்டுபோய் அடிக்கிறது?"

விவசாயி கேட்டது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. இப்படி எதிர்ப்பு வந்தால் என் கணவர் வழக்கமாக, "மேல சொல்லிப் பாக்கறேன்" என்று எழுந்துவிடுவார். அன்று எழவில்லை.

"கொட்டகைய எடுத்துடறேன். பூச்செடியும் வேண்டாம். களம் உங்களுக்கே இருக்கட்டும். கெழக்கு ஓரமா ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம். அதுக்கு மட்டும் எடம் விடுங்க."

அவர் குரல் கெஞ்சியது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "உங்களுக்கு எத்தனை புள்ளைங்க சார்?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு" என்றார்.

"ஸ்கூலுக்குப் போவுதா?"

"அடுத்த வருஷம் சேக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோபம் வரவில்லை. அவர் அதைச் சொல்லி முடிக்கும் வரை அவள் எங்களோடு இருந்த மாதிரி இருந்தது.

அந்தப் பெண் விவசாயியைப் பார்த்து, "ஓரமாத்தானே மாமா கேக்குறாரு. விட்டுத்தான் குடுங்களேன்" என்றாள். அவரும் தலையசைத்தார்.

திரும்பும்போது, பஸ் ஆற்றோரம் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். மகளை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

"பொய் சொல்லணும்னு நெனைக்கல. வாயில வந்துடுச்சு" என்றார்.

"பரவாயில்லீங்க" என்றேன்.

பங்குனியில் ஊஞ்சல் கட்டி முடித்தார்கள். திறப்புக்கு அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். நான் தனியாகப் போனேன். அறுவடை முடிந்த களத்தில் வைக்கோல் இன்னும் சிதறிக் கிடந்தது. பிள்ளைகள் ஊஞ்சலுக்காக அடித்துக்கொண்டார்கள். அன்று எங்களுக்காகப் பேசிய பெண் என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தாள்.

"பாப்பாவக் கூட்டிட்டு வரலீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

"அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர், "பலகை ஒசரம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சின்னதுங்களுக்கும் கால் தரையில படுது."

அவர் இலையைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

பிறகு அவருக்குச் சாலை வேலைகளே வந்தன. சில வருஷங்கள் கழித்து எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அவனை எங்கெங்கோ கூட்டிப்போயிருக்கிறோம், அந்த ஊருக்கு மட்டும் போனதில்லை. அங்கே யாராவது அவன் அக்காவை விசாரிப்பார்கள்.