கோயிலுக்குள் ஒரு கரும்பலகை

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. நடுவில் ஒரு கிணறு. எது முந்தியது என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். முதலில் வந்த வெள்ளைக்காரச் சுவாமிமார் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை வைத்த ஓலைக் கொட்டிலிலேதான் மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்களாம். கல்லால் கோயில் கட்டிய பிறகும் பள்ளிக்கூடம் கொஞ்சக் காலம் அதற்குள்ளேயே நடந்தது. பிறகு தனிக் கட்டடம் வந்தது. அதற்கும் பிறகு அரசாங்கம் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகை மாறியது. வாசலில் நின்ற மாதா சுரூபத்தை ஒருவரும் அசைக்கவில்லை.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்த சனங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியதால் வகுப்புகள் மறுபடியும் கோயிலுக்குள் வந்தன. நான் அப்போதுதான் படித்தேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. நானும் வேறெங்கும் போகவில்லை. இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்றுகிறேன்.

கோயிலுக்குள் பள்ளிக்கூடம் நடத்த எங்களிடம் ஒரு முறை இருந்தது. பீடத்துக்கு முன்னால் கரும்பலகை வைக்கக்கூடாது. அதனால் பலகையைப் பெரிய வாசலுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைப்பார்கள். பீடத்தைத் திரையால் மூடிவிட்டு, சனங்கள் பூசைக்கு உட்காரும் நீள வாங்குகளை வாசல் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆம்பிளைகள் நின்று திருப்புவார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி பீடத்தைப் பார்க்கத் திருப்புவார்கள்.

போன மாரியில் அடித்த காற்று பள்ளிக்கூடத்தின் கூரையைக் கொண்டுபோனது. அதிபராக இருக்கும் டீச்சர் சுவாமியிடம் கேட்டார். பிள்ளைகள் கோயிலுக்குள் வந்தார்கள். நானும் வாங்கு திருப்பப் போனேன்.

எதிர்த்தவர் சம்மாட்டியார் ஒருவர்தான். கரைவலையும், அதை வைக்கக் கடற்கரையில் ஒரு வாடியும் வைத்திருந்தவர். பங்குக் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டார்: “ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கிற படிப்பு என்ன படிப்பு?”

“முகத்தைக் காட்டிக்கொண்டு நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களே, அது பரவாயில்லையோ?” என்று பின்னால் இருந்து ஒரு பெண்குரல் கேட்டது. அது அவருடைய மனைவி. கூட்டம் சிரித்துக் கலைந்தது.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் நடக்க வேண்டியிருந்தது. என் மகள் மூன்றாம் வகுப்பு. வெளியாட்களைக் கண்டால் வாய் திறக்கமாட்டாள். என்னிடமிருந்து போன குணம். முதல் வருடம் முழுக்க டீச்சர் ஒவ்வொரு நாளும் அவள் பெயரைக் கூப்பிட்டு, பதில் வராதென்று தெரிந்தும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவாராம். அடுத்த வருடம் பதில் வந்தது. இந்தப் பள்ளிக்கூடம் நின்றால் டவுண் பள்ளிதான்; அங்கே எங்கள் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வகுப்புக்குள் அடைத்துவிடுவார்கள். அங்கே நின்று பார்க்க யாருக்கு நேரம்?

கல்விக் கந்தோரில் இருந்து தகவல் வந்தது. அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். வகுப்பு ஒழுங்காக நடக்காவிட்டால் பிள்ளைகளை டவுண் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அவர் வருவதற்கு முதல்நாள் சம்மாட்டியார் இறந்துபோனார். எங்கள் சுவாமிக்கு இன்னும் இரண்டு கோயில்கள் பொறுப்பு. அடக்கப் பூசைக்கு அவருக்கு மறுநாள் காலை மட்டும்தான் தோதுப்பட்டது.

காலையில் சம்மாட்டியாரின் மகனோடு நாங்கள் சிலர் வாங்கு திருப்பப் போனோம். வாங்குகளில் பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் எழும்பி வந்தார்.

“தம்பி, இண்டைக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்கோ. அதிகாரி வந்து பார்த்திட்டுப் போகட்டும்.”

“எங்கட அப்பாவை மழைக்குள்ள வைச்சுக்கொண்டு பொறுக்கிறதோ டீச்சர்?”

“பிள்ளைகளையும் மழைக்குள்ள விட ஏலாதுதானே.”

மகன் என்னைப் பார்த்தான். “அண்ணை, பிடியுங்கோ அந்தப் பக்கத்தை.”

அந்த வாங்கின் நுனியில் என் மகள் இருந்தாள். நான் பிடிக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அதற்குள் சுவாமி மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். “முன்னுக்கு இருக்கிற பாதியைத் திருப்புங்கோ. பின்னுக்கு இருக்கிற பாதி அப்படியே இருக்கட்டும். பிள்ளைகள் சத்தம் போடாமல் கணக்குச் செய்யட்டும்” என்றார்.

அப்படியே நடந்தது. முன்பாதியில் பெட்டியும் சனமும் பீடத்தைப் பார்த்தபடி. பின்பாதியில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தபடி. நடுவில் என் முதுகும் ஒரு சின்னப் பையனின் முதுகும் ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தன.

சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லாரும் எழும்புவது வழக்கம். பின்னால் கணக்குச் செய்துகொண்டிருந்த பிள்ளைகளும் பழக்கத்தில் எழும்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அதிகாரி பெரிய வாசலால் வந்தார். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிள்ளைகள் எல்லாரும் தன்னைப் பார்த்தபடி எழும்பி நிற்பதைக் கண்டு கையைக் காட்டினார்.

“இருங்க பிள்ளையள், இருங்க.”

ஒருவரும் உட்காரவில்லை. அவரைப் பார்த்தபடியே நெற்றியிலும் வாயிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர் கையை இறக்கிவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் மெல்லிய குரலில் சொன்னார்: “சேர், அது உங்களுக்கு இல்லை.”

திரும்பிப் பார்த்த செத்தவீட்டுச் சனத்துக்குள்ளும் சிரிப்பு வந்தது. சால்வைகளுக்குள் அடக்கிக்கொண்டார்கள். அதிகாரி பூசை முடியும்வரை சுவரோடு நின்றார்.

பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வாசலுக்கு வந்தபோது அதிகாரி டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நீங்க படிப்பிக்கிறீங்க, பிள்ளையள் படிக்குது, அது எனக்கு விளங்குது. ஆனா இதை வகுப்பெண்டு நான் எழுத ஏலாது. வேற ஒரு கூரையைக் காட்டுங்க. இல்லாட்டி டவுணுக்கு மாத்தத்தான் வேணும்.”

தோளில் பெட்டி இருந்தது. பெட்டிக்குப் பின்னால் வந்த சம்மாட்டியாரின் மனைவி அந்த இடத்தில் நின்றுவிட்டார். அவர் நின்றதால் நாங்களும் நின்றோம்.

“எங்கட வாடிக்குக் கூரை இருக்குத்தானே” என்றார்.

“அம்மா, இப்பவோ இந்தக் கதை?” என்றான் மகன்.

“பிறகு இந்த ஐயாவை எங்க தேடிப் பிடிக்கிறது? வலையை வெளியில எடுத்தாச் சரி. ஓடு போட்ட வாடி. உன்ர அப்பருக்கும் கரும்பலகை கோயிலை விட்டுப் போகோணுமெண்டுதானே விருப்பம்.”

“வலையை எங்க வைக்கிறது?”

“உன்ர வீட்டு முன்னறையில வை.”

எனக்கு முன்னால் பெட்டியைத் தாங்கியிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “ஆச்சி, கெதியா முடியுங்கோ. சம்மாட்டியார் செத்தும் பாரம் குறையேல்லை.”

அதிகாரி அந்த அம்மாவிடம், “வாடி எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

“சேமக்காலைக்குப் போற வழிதான். எங்களோட வாங்கோ, பார்க்கலாம்.”

அவரும் குடையைப் பிடித்துக்கொண்டு கல்லறைக்குப் போகும் ஊர்வலத்தோடு வந்தார். வாடிக்கு முன்னால் நாங்கள் நிற்கவில்லை. அவர் மட்டும் ஒதுங்கி, அண்ணாந்து கூரையைப் பார்த்தது தெரிந்தது.

அடுத்த கிழமை சம்மாட்டியாரின் மகனும் நானும் கரும்பலகையை வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வலை அவனுடைய முன்னறையில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தின் கூரையைத் திருத்தக் காசு கேட்டு எழுதியிருப்பதாகக் கந்தோரில் சொல்கிறார்கள்.

வாடிக்குப் பக்கத்தில் மீன் வாங்கி விற்கும் முஸ்லிம் குடும்பம் ஒன்று இருக்கிறது. கோயில் வளவுக்குள் பிள்ளையை அனுப்ப விருப்பமில்லாமல் இதுவரை ஆட்டோவில் தூரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தப் பெண்பிள்ளை வாடியில் படிக்கிறாள். என் மகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாளாம். வந்த முதல்நாள் அவள் அழுதிருக்கிறாள். டீச்சர் பெயரைக் கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லை.

“டீச்சர் நிண்டு பார்த்தவ” என்றாள் என் மகள். “நான்தான் சொன்னனான், இவ வந்திருக்கிறா எண்டு.”