தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய சவாரி

அக்கா, உன் பேரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சின்ன வயசில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், முதுகில் ஒன்று வைத்தாய். அதனால் இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன். நாம் கோலாலம்பூரில் கார் பிடித்த கதையை எல்லோருக்கும் சொல்லப் போகிறேன். நீ இருந்திருந்தால் நடுவில் புகுந்து நீயே முடித்திருப்பாய்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அக்கா கல்யாணமாகி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தாள். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டராக இருந்தார்.

அக்காவிடம் ஒரு பழக்கம். வெளியே கிளம்பும்போது யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் நடக்காது என்பாள். எங்கள் பக்கத்தில் நிறைய பேருக்கு இது உண்டு. அதற்காகத்தான் நேராகக் கேட்காமல் "தூரமா?" என்று கேட்பார்கள். ஆனால் அக்கா அளவுக்கு யாரும் போனதில்லை. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் திரும்ப வீட்டுக்குள் போவாள், செருப்பைக் கழற்றி உட்காருவாள், ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பாள், பிறகு புதிதாகக் கிளம்புவாள். இப்படி அவள் விட்ட பஸ்ஸையெல்லாம் சேர்த்தால் ஒரு டெப்போவே வைக்கலாம். எனக்கு அவளோடு இந்த வம்பு வந்ததில்லை. ஷேர் ஆட்டோக்காரன் யாரையும் எங்கே என்று கேட்பதில்லை. "புவனகிரி, புவனகிரி" என்று நான்தான் கத்துவேன், வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

மாமா ஊருக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடையில் லீவு கொடுக்கவில்லை. கடைசியில் அவரே எங்களுக்கு டிக்கெட் போட்டார். அக்காவுக்குத் துணை நான். அங்கே போனால் போனில் ஏற்றுகிற ஆப்பில்தான் வண்டி பிடிக்க வேண்டுமாம் என்று சிதம்பரம் ஸ்டாண்டில் சொன்னேன். ஒரே சிரிப்பு. "மச்சான், நீ ஆட்டோக்காரன்டா. பின்சீட்ல உக்காந்து டிரைவரத் திட்டாம வருவியா?" என்று ஒருத்தன் கேட்டான். அது எனக்கே சந்தேகம்தான்.

கோலாலம்பூரில் மாமாவின் கூட்டாளி ஏர்போர்ட்டிலிருந்து எங்களை அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஒன்பதாவது மாடி. ஆப்பை என் போனில் ஏற்றி, மாமா கடையையும் அதில் எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டு, மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் மாமா இங்கே வருவதாக இருந்தது. மதியம் போன் வந்தது. வேறு ஊரில் திறந்திருக்கிற புதுக்கடைக்கு ஆள் பற்றவில்லை, இன்றைக்கே வேனில் கிளம்பு என்று முதலாளி சொல்லிவிட்டாராம். திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எங்களுக்குத் திரும்பும் ஃபிளைட். வேன் கிளம்புவதற்குள் வந்தால்தான் பார்க்க முடியும் என்று சொல்லும்போதே மாமாவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

அக்கா சேலை மாற்றி, பண்ருட்டி முந்திரிப் பையை எடுத்துக்கொண்டு கதவுகிட்டே வந்துவிட்டாள். நான் ஆப்பைத் திறந்தேன். அது முதல் வேலையாக எங்கே போக வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது, பெருமையாகச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"எங்க போகணும்னு கேக்குதுக்கா."

"யாரு?"

"போனுதான்."

"கெளம்புற நேரத்துல அதுக்கு ஏன்டா அந்தக் கேள்வி?" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

நான் அதற்குள் ஆப்பில் ஒரு காரை புக் செய்துவிட்டேன். அவள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி செருப்பைப் போட்டு, லிஃப்ட் வந்து, கீழே இறங்குவதற்குள் அந்தக் கார் வந்து நின்று பார்த்துவிட்டு கேன்சல் செய்துவிட்டுப் போயிருந்தது.

அடுத்த காரை வாசலில் நின்றே போட்டேன். வந்தவர் நம் தமிழ்க்காரர், அந்த ஊரிலேயே பிறந்தவர். எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடியை இறக்கி, வாய் நிறைய, "எங்கம்மா போறீங்க?" என்றார். கார்க் கதவில் கை வைத்திருந்த அக்கா கையை எடுத்துவிட்டாள். தம்பி, ரெண்டு நிமிஷம் இருப்பா என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி லிஃப்டுக்குப் போனாள். அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்றேன். என்னிடம் பாட்டில் இருக்கே என்று எடுத்து நீட்டினார். வீட்டுத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்றேன். நல்ல மனிதர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். நானும் வண்டி ஓட்டுகிறவன், நிற்க வைத்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். அவர் போனதில் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் அக்கா மேல்தான்.

மேலே போனேன். சொம்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். வேன் போய்விடும், மாமாவைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று கத்திவிட்டேன். பதிலுக்கு அவள் கத்தவில்லை.

"பாக்கணும்னுதான்டா குடிக்கிறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வெளியே வராண்டாவுக்குப் போய், அவளுக்குத் தெரியாமல் அடுத்த காரைப் போட்டேன். கீழே வந்ததும் அவளைத் தூணுகிட்டே நிற்க வைத்துவிட்டு, காரைப் பார்த்து ஓடினேன். டிரைவர் மலாய்க்காரர், நடுத்தர வயசு, சிரித்த முகம். வாயைத் திறக்கப் போனார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. என் உதட்டில் விரலை வைத்தேன். அக்காவைக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாகத் தலையாட்டினார்.

கார் கிளம்பியது. வழி போனிலேயே இருந்ததால் அவர் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஏசியைக் காட்டி, போதுமா என்று கட்டை விரலைத் தூக்கினார். அக்காவும் தூக்கினாள். பிறகு பெரிய பெரிய கட்டடத்தையெல்லாம் கையாலேயே காட்டினார். அக்கா கண்ணை விரித்துக் காட்டினாள். பிள்ளைகள் எத்தனை என்று விரலில் கேட்டார், இவள் இனிமேல்தான் என்று வானத்தைக் காட்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த மனிதர் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வராது என்று நினைத்துவிட்டார். ஊரில் வாய் மூடாத அக்கா, வழி நெடுக ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு அத்தனை பேசினாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் பிரேக் பிடிப்பதைக்கூட குறை சொல்லவில்லை.

கடை வாசலில் வேன் நின்றிருந்தது. மாமா பையோடு பக்கத்தில் நின்றிருந்தார். கார் நிற்பதற்குள் அக்கா, "ஏங்க, நாங்க வந்துட்டோம்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். டிரைவர் சீட்டிலேயே துள்ளினார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா பையைப் பிரித்து அவருக்கு இரண்டு கை முந்திரி அள்ளிக் கொடுத்தாள்.

வேனில் இன்னும் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் அக்காவும் கடைக்குப் பின்னால் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா அவள் இளைத்துவிட்டதாகச் சொன்னார். "நீங்கதான் உங்க மைதா மாவு மாதிரி வெளுத்துட்டீங்க" என்றாள். நான் தள்ளி நின்றுகொண்டேன். சாமான் நிறைய இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிறையவே இருந்தது.

வேன் கிளம்பும்போது அக்கா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தும், "தூரமா?" என்று கேட்டாள்.

"கிட்டதான், வந்துடுவேன்" என்றார் மாமா.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு என் ஆட்டோவில்தான் ஏற்றினேன். எதிர்வீட்டுக்காரம்மா வாசலில் நின்று தூரமா என்றார்கள். அக்கா அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "கிட்டதான், வந்துடுவேன்" என்றாள். அன்றைக்கு யாருமே எங்கே என்று கேட்கவில்லை. எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அவள்தான் வரவில்லை.

மாமா வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு காரப் புடிச்சி அவள கூட்டினு வந்தியே, அது ஒண்ணுதான்டா எனக்கு" என்றார். பிறகு அந்த டிரைவர் துள்ளியதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம், மறுபடி சிரித்தோம்.

அந்த ஆப் இன்னும் என் போனில் இருக்கிறது. ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரத்தில் கை தவறிப் பட்டால் திறந்து, எங்கே என்று கேட்கும். உடனே மூடிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இன்றைக்கு எங்கள் அக்காவுக்காக ஒரு நிமிஷம் கும்பிடுங்கள். அவள் எங்கே போயிருக்கிறாள் என்று மட்டும் கேட்க வேண்டாம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் போதும்.